ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே வழக்கில் மாட்டிய கதை உண்டா?

பந்திக்குமுந்து:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் காதுகுத்து. சித்தப்பா ஒரு கட்சி, பெரிய மாமா அதற்கு நேர் எதிர்க் கட்சி. இருவருமே முப்பது வருடமாக உறுப்பினர் அட்டையைப் பர்ஸில் வைத்துத் திரிபவர்கள். பாயசம் வரும்வரை ஒழுங்காகத்தான் இருந்தார்கள். அப்புறம் யாரோ பேச்சுவாக்கில் ஒரு பழைய ஊழலை எடுத்துவிட, ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பா 1991-லிருந்து தொடங்கினால் மாமா நேராக 1976-க்குப் போய், ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷனில் நிற்கிறார். இவர் ஒன்றைச் சொன்னால் அவர் அதற்கும் முந்தையது ஒன்றைச் சொல்வார். இலையெடுக்க வந்த பையன் பாவம், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டு பேரோட ஆளும் ஒண்ணாச் சேர்ந்து வாங்கினது ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். இருவரும் ஒரே குரலில் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். அதனால் இங்கே கேட்கிறேன். எம்.பி., எம்.எல்.ஏ. என்று பதவியில் இருந்தவர்கள், வெவ்வேறு கட்சிக்காரர்கள், ஒரே விவகாரத்தில் ஒன்றாக மாட்டியது உண்டா? நான் கேட்பது குற்றச்சாட்டு இல்லை. சபையோ கோர்ட்டோ நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். தயவுசெய்து வாட்ஸ்அப் பார்வர்டு வேண்டாம், அது மாமாவிடமே நிறைய இருக்கிறது.

குமாஸ்தா96:

தம்பி, நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. 1996-லிருந்து கேஸ் கட்டு சுமக்கிறேன். எங்கள் சீனியர் தேர்தல் வழக்குகள் நடத்தியவர் என்பதால் இந்தத் தீர்ப்புகளையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் கோடு போட்டு, நூல் கோர்த்துக் கொடுத்தவன். படிக்காமல் நூல் கோர்க்க எனக்குக் கை வராது. அது ஒரு வியாதி.

நீங்கள் கேட்டதற்கு அச்சில் வார்த்த மாதிரி ஒன்று இருக்கிறது. 2005 டிசம்பர் 12. கோப்ராபோஸ்ட் என்ற இணையதளமும் ஆஜ் தக் டிவியும் சேர்ந்து ஒரு ரகசியப் பதிவை ஒளிபரப்பின. சிறு உற்பத்தியாளர் சங்கம் என்று இல்லாத ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிருபர்கள் எம்.பி.க்களிடம் போயிருக்கிறார்கள். "எங்கள் சார்பாகப் பார்லிமெண்டில் கேள்வி கேளுங்கள், கவனித்துக்கொள்கிறோம்" என்பதுதான் பேச்சு. பதினொரு பேர் கேமரா முன்னால் பணம் வாங்கினார்கள். ஆளுக்கு 15,000 ரூபாயிலிருந்து 1,10,000 வரை. பா.ஜ.க. ஆறு, பகுஜன் சமாஜ் மூன்று, காங்கிரஸ் ஒன்று, ராஷ்ட்ரீய ஜனதா தளம் ஒன்று. சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் இந்தக் கணக்கை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

என்ன கேள்வி கேட்டார்கள் தெரியுமா? ஜெர்மனியிலிருந்து யோஸ்ஸாரியன் எலெக்ட்ரோ டீசல் எஞ்சின் வாங்க ரயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா என்று ஒன்று. அப்படி ஒரு எஞ்சினே உலகத்தில் கிடையாது. அது ஏதோ ஒரு அமெரிக்க நாவலில் வரும் பாத்திரத்தின் பெயராம், நிருபர்கள் வேண்டுமென்றே வைத்தது. தான் என்ன கேட்கிறோம் என்று ஒரு தடவை வாசித்துப் பார்த்திருந்தால்கூட யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். வாசிக்கவில்லை.

டிசம்பர் 23-ந் தேதி மக்களவையில் பத்துப் பேரும் மாநிலங்களவையில் ஒருவரும் வெளியேற்றப்பட்டார்கள். பதினொரு பேர், பதினோரு நாள். ஆறு பேரைப் பறிகொடுத்த பா.ஜ.க. தண்டனை அதிகம் என்று சொல்லி மக்களவையில் வெளிநடப்பு செய்தது. வெளியேற்றப்பட்டவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், சபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2007 ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் கிரிமினல் வழக்கு இருக்கிறதே, அதில் குற்றச்சாட்டு பதிவாகவே 2017 ஆனது. பதவி பறிபோக பதினோரு நாள், சார்ஜ் ஃபிரேம் ஆக பன்னிரண்டு வருஷம். எங்கள் கோர்ட் வராந்தாவில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பாட்னாப்பக்கம்:

வேலைக்காகச் சில வருடம் பீகாரில் இருந்தவன் நான். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தீவன வழக்கில் சாய்பாசா கருவூலத்திலிருந்து பொய் பில் போட்டு 37 கோடிக்கு மேல் எடுத்த விவகாரம். 2013 செப்டம்பர் 30 அன்று ராஞ்சி கோர்ட் குற்றவாளி என்று சொன்ன பட்டியலில் லாலு பிரசாத்தும் இருந்தார், அவருக்கு முன்னால் காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த ஜகந்நாத் மிஸ்ராவும் இருந்தார், ஐக்கிய ஜனதா தள எம்.பி. ஜகதீஷ் சர்மாவும் இருந்தார். மேடையில் ஒருவரை ஒருவர் திட்டியே வளர்ந்த மூன்று கட்சி, கருவூலத்தில் ஒரே கவுண்டர்.

அதே வருடம் ஜூலையில்தான், இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் அப்பீல் செய்தாலும் பதவி அன்றே போகும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. லாலுவும் சர்மாவும் அதில் எம்.பி. பதவியை இழந்தார்கள்.

கறுப்புவெள்ளை:

நடுநிலைத் திருவிழா ஆரம்பித்துவிட்டதா? எல்லோரும் திருடன் என்று சொல்வது பெரிய திருடனுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்தீர்களா? பதினைந்தாயிரம் வாங்கினவனையும் ஆயிரம் கோடியில் கை வைத்தவனையும் ஒரே இலையில் உட்கார வைத்துவிட்டு "பார்த்தீங்களா, எல்லா கட்சியும் ஒண்ணுதான்" என்றால், அடுத்த தேர்தலில் எந்த அடிப்படையில் ஓட்டுப் போடுவது? எனக்கு இந்தக் கேள்வியிலேயே உள்நோக்கம் தெரிகிறது.

குமாஸ்தா96:

கறுப்புவெள்ளை சார், தொகையை மறக்கக்கூடாது என்று நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பிக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை, அவருக்கு இலையெடுக்க வேண்டிய அவசரம்.

தொகை என்றதும்தான் நினைவுக்கு வருகிறது. பெரிய தொகையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். எனக்கு இந்த முப்பது வருடத்தில் தூக்கத்தைக் கெடுத்த தீர்ப்பு ஒன்று உண்டென்றால் இதுதான்.

1993 ஜூலை 28. நரசிம்ம ராவ் அரசு மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். தீர்மானத்துக்கு ஆதரவு 251, எதிர்ப்பு 265. பதினாலு ஓட்டில் அரசு பிழைத்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் நான்கு பேர் காசு வாங்கிக்கொண்டு அரசுக்கு ஆதரவாகப் போட்டார்கள் என்று சி.பி.ஐ. வழக்கு. வாங்கிய பணத்தை டெல்லியில் ஒரு பேங்கிலேயே போட்டிருந்தார்கள் என்பது வழக்கு விவரம். ஒளித்துக்கூட வைக்கவில்லை.

அரசியல் சட்டம் 105-வது பிரிவில் இரண்டாவது உட்பிரிவு: சபையில் ஒரு உறுப்பினர் பேசியதற்கோ போட்ட ஓட்டுக்கோ எந்தக் கோர்ட்டும் அவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. எம்.எல்.ஏ.க்களுக்கு இதே பாதுகாப்பு 194-ல் இருக்கிறது. நியாயமான பிரிவுதான். அது இல்லையென்றால் அரசைத் திட்டிப் பேசுகிற ஒவ்வொரு எம்.எல்.ஏ. மேலும் மறுநாள் காலையில் வழக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் 1998 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் இந்தப் பிரிவை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? லஞ்சம் அந்த ஓட்டோடு ஒட்டியிருக்கிறது, அதனால் ஓட்டுக்கு உள்ள பாதுகாப்பு லஞ்சத்துக்கும் உண்டு. ஆகவே வாங்கிவிட்டு ஓட்டுப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

இங்கேதான் கூத்து. அதே வழக்கில் இன்னொருவர். அவரும் வாங்கினார் என்று குற்றச்சாட்டு, ஆனால் அவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியிருந்தார். ஓட்டே போடாததால் பாதுகாப்பு எதுவும் இல்லை, வழக்கை நடத்து என்றார்கள். அதாவது காசு வாங்கிக்கொண்டு சொன்ன வேலையைச் செய்தவன் வீட்டுக்குப் போகலாம், வாங்கிவிட்டு வேலையைச் செய்யாதவன் கூண்டில் ஏற வேண்டும். நான் அன்றைக்கு அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது பக்கம் மாறிவிட்டதோ என்று இரண்டு தடவை நம்பர் சரிபார்த்தேன். சீனியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாணயமா நடந்துக்கிட்டவன் தப்பிச்சிட்டான் போடா" என்றார்.

கொடுத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதால் அவர்கள் மேல் வழக்கு நடந்தது. 2000-த்தில் நரசிம்ம ராவுக்குத் தனி நீதிமன்றம் மூன்று வருடம் கொடுத்தது, 2002-ல் டெல்லி ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது. ஆக, வாங்கினவர் சட்டப் பிரிவால் வெளியே, கொடுத்தார் என்று சொல்லப்பட்டவர் அப்பீலில் வெளியே.

இது இருபத்தாறு வருடம் நாட்டின் சட்டமாக இருந்தது, எந்தக் கட்சி ஆண்டாலும். காங்கிரஸ் தலைமையில், பா.ஜ.க. தலைமையில், மூன்றாவது அணி என்று எல்லோரும் டெல்லியில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. "இந்தப் பிரிவு லஞ்சத்துக்குப் பொருந்தாது" என்று ஒரு வரியைச் சேர்த்து ஒருவரும் நிறைவேற்றவில்லை. கறுப்புவெள்ளை சார், எனக்குக் கட்சி பேதம் மறைவது இந்த இடத்தில்தான். திருடினதில் கூட இல்லை.

பந்திக்குமுந்து:

சார், இருபத்தாறு வருடம் என்றால் 2024. அதற்கு அப்புறம்?

குமாஸ்தா96:

அதற்கு அப்புறம் மருமகள் வந்தார்.

1998 தீர்ப்பில் தப்பித்த நால்வரில் ஒருவர் ஷிபு சோரன். அவருடைய மருமகள் சீதா சோரன் ஜார்க்கண்டில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 2012 மார்ச்சில் அங்கே மாநிலங்களவைத் தேர்தல். அது எப்படிப்பட்ட தேர்தல் என்றால், ஓட்டுப்பதிவு நாளன்றே ராஞ்சி அருகே ஒரு காரில் இரண்டு கோடிக்கு மேல் ரொக்கம் பிடிபட்டு, தேர்தலையே ரத்து செய்தார்கள். அந்தத் தேர்தலில் ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் பணம் வாங்கினார் என்று சீதா சோரன் மேல் வழக்கு. அவர் ஓட்டுப் போட்டது தன் கட்சி வேட்பாளருக்கு. மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி எம்.எல்.ஏ. தன் ஓட்டைக் கட்சி முகவரிடம் காட்டித்தான் போட வேண்டும், வேறு வழியில்லை.

அவர் கோர்ட்டில் வைத்த வாதம்: மாமனாருக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு எனக்கும் வேண்டும். வீட்டில் நகை பிரிக்கிற மாதிரி. இது ஏழு நீதிபதிகள் அமர்வுக்குப் போய், 2024 மார்ச் 4-ல் ஏழு பேரும் ஒருமித்து 1998 தீர்ப்பை ரத்து செய்தார்கள். வாங்கிய நிமிடத்திலேயே குற்றம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் ஓட்டை எப்படிப் போட்டாய், போட்டாயா இல்லையா என்பது தேவையில்லை என்றார்கள். வழக்கில் அவர் குற்றவாளியா இல்லையா என்று அந்த அமர்வு சொல்லவில்லை, பாதுகாப்பு கிடையாது என்று மட்டும்தான் சொன்னது. அதை நீங்கள் கவனமாகச் சொல்லுங்கள், மாமா மாதிரி ஆட்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

தீர்ப்பு வந்து பதினைந்து நாளில் அவர் பா.ஜ.க.வில் சேர்ந்துவிட்டார். மார்ச் 19.

எம்புக்:

நான் ரொம்ப நாளாகப் படிக்கிறவன், எழுதுகிறவன் இல்லை. குமாஸ்தா அண்ணன் கேள்வி கேட்க காசு வாங்கிய கதை எழுதியதால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அதற்குத் தலைகீழ். கேள்வி கேட்காமல் இருக்கக் காசு.

பதினெட்டு வருடம் சின்ன காண்ட்ராக்டராக இருந்தேன். ஊராட்சிச் சாலை, சின்னப் பாலம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர். எந்த மாவட்டம் என்று சொல்லப் போவதில்லை, இப்போது மகன் அங்கேதான் கடை வைத்திருக்கிறான். கடைசியாக எடுத்த பெரிய வேலை 38 லட்சத்துக்கு ஒரு தார்ச்சாலை. எஸ்டிமேட் காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு எழுதுவோம். பேனாவால் எழுதக்கூடாது என்பது முதலில் கற்றுக்கொடுத்த பாடம். நூற்றுக்கு எட்டு ஆளுங்கட்சிப் பக்கம். அப்புறம் எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவர், பில் பாஸ் பண்ணுகிறவர், செக் எழுதுகிறவர் என்று வரிசையாகப் போகும். எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒரு இரண்டு. அந்த இரண்டுக்கு எங்களுக்குள் பேர் வாய்ப்பூட்டு.

வாய்ப்பூட்டு எதிர்க்கட்சிப் பக்கத்துக்கு. அவர்களால் வேலையைக் கொடுக்க முடியாது. ஆனால் கெடுக்க முடியும். சபையில் அந்தச் சாலையின் பேரைச் சொல்லி ஒரு கேள்வி போட்டால் போதும், சென்னையிலிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து இன்ஜினியருக்கு என்று பதில் கேட்டுக் காகிதம் இறங்கும். சாலையில் கோர் போட்டு, அதாவது துளைத்து ஒரு துண்டு எடுத்து, அளந்து பார்ப்பார்கள். நூற்றுக்கு இத்தனை போனபிறகு தார் எத்தனை கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதனால் அந்தக் கேள்வி வராமல் இருக்க இரண்டு.

பணம் வாங்க வருபவர் ஒரே ஆள். அதைத்தான் சொல்ல வந்தேன். எந்தக் கரை வேட்டியும் கட்ட மாட்டார், பேண்ட்தான். பழைய சாம்பல் நிற ஸ்கூட்டர், முன்னால் ரெக்சின் பை. எட்டையும் அவரே வாங்குவார், இரண்டையும் அவரே வாங்குவார். பையில் இரண்டு அறை. எட்டு உள் அறை, இரண்டு வெளி அறை. ரப்பர் பேண்டைக்கூட அவர்தான் கொண்டுவருவார்.

ஆட்சி மாறியது. எனக்குப் பயம், இனி யாரைப் பார்ப்பது, புதிதாக யாரிடம் போய் நிற்பது என்று. ஒரு மாதம் கழித்து அதே ஸ்கூட்டர் வாசலில். உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார். என் காகிதத்தை வாங்கி எட்டை அழித்து இரண்டு என்று எழுதினார், இரண்டை அழித்து எட்டு என்று எழுதினார். "கூட்டிப் பார், உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்றார். கூட்டிப் பார்த்தேன். இல்லைதான்.

நானும் இதில் யோக்கியன் கிடையாது. கொடுத்தவன்தான். அந்தச் சாலையில் இரண்டாவது மழைக்கே குழி விழுந்தது. அந்தக் குழியில் என் தங்கை வீட்டுக்காரர் வண்டியோடு விழுந்து கை ஒடித்துக்கொண்டார். அவருக்கு அது என் சாலை என்று தெரியும். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அடுத்த வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன்.

கறுப்புவெள்ளை:

எம்புக் அண்ணே, எழுதியதற்கு நன்றி. எட்டும் இரண்டும் ஒன்றில்லை என்றுதான் நான் இன்னும் சொல்வேன். ஆனால் அந்த ஒரே ஸ்கூட்டருக்கு என்னிடம் பதில் இல்லை.

குமாஸ்தா96:

எம்புக் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன். கேட்டதற்கு வாங்கியவன் மாட்டுவான், ஏனென்றால் அந்தக் கேள்வி தேதியோடு, நம்பரோடு அச்சில் இருக்கும். கேட்காமல் இருந்ததற்கு வாங்கியவனுக்கு எதிராக என்ன எக்ஸிபிட் போடுவது? வராத கேள்வியை எந்தக் கட்டில் கோர்ப்பது? 2024 தீர்ப்புப்படி அவனும் குற்றவாளிதான், சந்தேகம் இல்லை. ஆனால் சாட்சி, கொடுத்த காண்ட்ராக்டர் மட்டும். 2018-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கொடுப்பவனையும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். கட்டாயப்படுத்தினார்கள் என்று ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் தப்பலாம். ஏழாவது நாள் எம்புக் அண்ணன் தார் அடுப்பு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

இன்னொரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்பப் பேருக்குத் தெரியாது. இந்தக் கேள்விக்குக் காசு விவகாரம் 2005-ல் தொடங்கியதில்லை. 1951, முதல் பொதுத்தேர்தலே நடக்கவில்லை, தற்காலிகப் பார்லிமெண்ட். எச்.ஜி. முத்கல் என்ற காங்கிரஸ் உறுப்பினர் பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்காகச் சபையில் வேலை பார்த்தார் என்று புகார். விசாரிக்கக் குழு போடச் சொன்னது அதே கட்சியின் பிரதமர் நேரு. குழுவுக்குத் தலைவர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. வெளியேற்றத் தீர்மானம் ஓட்டுக்கு வருவதற்குள் முத்கல் ராஜினாமா கொடுத்துவிட்டார். விடவில்லை. இவர் வெளியேற்றத்துக்கு உரியவர், ராஜினாமாக் கடிதமே சபையை அவமதிப்பது என்று தீர்மானம் போட்டார்கள்.

ஏழு வருடம் கழித்து, 1958-ல், அதே டி.டி.கே. நிதியமைச்சர் பதவியை ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. எல்.ஐ.சி. பணத்தில் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடிக்கு வாங்கிய விவகாரம். அதைச் சபையில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி, அவரும் ஆளுங்கட்சி எம்.பி., அதுவும் பிரதமரின் மருமகன். மருமகன், மருமகள் என்று நம் பார்லிமெண்ட் கதையில் உறவுமுறை எப்படியெல்லாம் வருகிறது பாருங்கள்.

பந்திக்குமுந்து:

எல்லோருக்கும் நன்றி. 2005 கணக்கையும் சோரன் கதையையும் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேற்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மாமாவையும் வரச் சொல்லியிருந்தேன். எம்புக் அண்ணன் எழுதியதைக் காட்டவில்லை, அது அவருக்குச் சொந்தமானது என்று பட்டது.

இருவரும் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்கள். சித்தப்பா பதினொரு பேரையும் விரல் விட்டு எண்ணினார். மாமா எந்த எந்த மாநிலம் என்று கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன். உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று போகிறது. முடிந்ததும் இருவர் முகத்திலும் ஒரு வெளிச்சம். "பார்த்தியா, நம்ம ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லை" என்றார் மாமா. "அதான" என்றார் சித்தப்பா. முப்பது வருடத்தில் முதல்முறையாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்தார்கள். நான் போன காரியம் இப்படி முடியும் என்று நினைக்கவில்லை.

நம் ஊரில் ஒன்றும் இல்லையா சார்?

குமாஸ்தா96:

தம்பி, சிரித்து முடியவில்லை. பதவியில் இருந்தவர்கள் என்ற உங்கள் நிபந்தனைக்குள் இது சரியாக வராது, வேட்பாளர்கள் கதை. ஆனாலும் நம்ம ஊர், இரண்டு தரப்பும், ஒரே நாள். 2016 சட்டமன்றத் தேர்தல். அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதியிலும் பணம் தண்ணீராக ஓடுகிறது என்று தேர்தல் ஆணையம் மே 16 ஓட்டுப்பதிவை நிறுத்தி, ஒரு தடவை தள்ளி, மறுபடியும் தள்ளி, கடைசியில் அறிவிப்பையே ரத்து செய்தது. பணப் பட்டுவாடாவுக்காக ஒரு சட்டமன்றத் தொகுதித் தேர்தலையே ரத்து செய்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ஒரு கட்சி மேல் மட்டும் புகார் இல்லை, இரண்டு பெரிய கட்சி மேலும்தான். நவம்பர் 19-ல் மறுபடி தேர்தல் வைத்தார்கள். இரண்டு கட்சியும் அதே வேட்பாளர்களைத்தான் திரும்ப நிறுத்தின.

இதையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். காபி குடித்து முடித்தபிறகு காட்டுங்கள்.

பந்திக்குமுந்து:

காட்டினேன் சார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமா காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சித்தப்பா செருப்பைத் தேடினார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்று கேட்டார்:

"சரி, தஞ்சாவூர்ல முதல்ல குடுக்க ஆரம்பிச்சது யாரு?"